தீயணைப்பு வீரர்களும் காற்றில் கலந்த துகள்களும்

தீயணைப்புப் பணியின் ஆபத்து என்றவுடன் தீக்காயமும் இடிந்து விழும் கூரையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வளவாகக் கண்ணில் படாத ஆபத்து ஒன்றும் உண்டு. அது அவர்கள் சுவாசிக்கும் காற்றில் கலந்துள்ள துகள்கள்.

மரம், துணி, நெகிழி, மின்கம்பி உறை எது எரிந்தாலும் புகையில் கரித்துகள்கள் இருக்கும். தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். 10 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவற்றை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்தவை நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை செல்லும். புகையில் உள்ள துகள்களில் மிகப் பல இந்தச் சிறிய வகையே. எரியும்போது உண்டாகும் நச்சுச் சேர்மங்களும் இவற்றின் மேல் ஒட்டிக்கொள்கின்றன.

முதுகில் காற்று உருளையைச் சுமந்து, முழுமுகக் கவசம் அணிந்தால் இவற்றைப் பெருமளவு தடுக்கலாம். தீ கொழுந்துவிட்டு எரியும்போது வீரர்கள் இதைக் கழற்றுவதில்லை. சிக்கல் தீ அணைந்த பின்புதான் தொடங்குகிறது. சுவரைப் பெயர்த்தும் சாம்பலைக் கிளறியும் மிச்ச நெருப்பைத் தேட வேண்டும். புகை கண்ணுக்குத் தெரியாது, உடலோ களைத்திருக்கும், கருவியும் கனமானது. அப்போது கவசம் கழன்றுவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு குறைந்துவிட்டதா என்று அளந்து பார்த்துக் கழற்றும் வழக்கமும் இருந்தது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 25 தீ விபத்துகளில் இந்த நேரத்துக் காற்றை அளந்து, 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. அந்த ஒரு வாயுவின் அளவை வைத்து மற்ற நச்சுகளும் குறைந்துவிட்டன என்று முடிவு செய்யக் கூடாது என்பதே அதன் கருத்து.

துகள்களின் தாக்கத்தை உலகம் மிகத் தெளிவாகக் கண்டது நியூயார்க்கில். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையக் கோபுரங்கள் இடிந்தபோது அந்நகரத் தீயணைப்புத் துறையினர் 343 பேர் உயிரிழந்தனர். தப்பியவர்களும் பின்னர் மீட்புக்கு வந்தவர்களும் நொறுங்கிய கான்கிரீட், ஜிப்சம், கண்ணாடி இழை, கல்நார் ஆகியவை கலந்த தூசியில் நின்றார்கள். எடையில் பார்த்தால் அத்தூசியின் பெரும்பகுதி பருமனான துகள்களே. அப்படியானால் மூக்கு தடுத்திருக்க வேண்டுமே என்று மாணவர் கேட்கலாம், நல்ல கேள்விதான். கடும் உழைப்பில் மனிதர் வாயால் மூச்சு வாங்குவார். அங்கே மூக்கின் வடிகட்டல் இல்லை. தூசியின் அளவும் மிக அதிகம். மேலும் சிமெண்ட் கலந்ததால் அது காரத்தன்மை கொண்டிருந்தது, அதன் பி.எச். மதிப்பு 9க்கு மேல். வகுப்பறைச் சாக்பீஸ் தூளைப் போல எண்ணிவிடக் கூடாது. காரத்தூள் மூச்சுக்குழாயின் ஈரமான உட்படலத்தை அரித்துப் புண்ணாக்கும்.

அடுத்த ஆறு மாதங்களுக்குள் 332 வீரர்களுக்கு, நான்கு வாரமாவது மருத்துவ விடுப்பு எடுக்க வேண்டிய அளவுக்கு, விடாத இருமல் வந்தது. கோபுரங்கள் இடிந்த வேளையில் அங்கிருந்தவர்களில் 8 விழுக்காட்டினருக்கும், அடுத்த இரு நாள்களுக்குள் வந்தவர்களில் 3 விழுக்காட்டினருக்கும், அதற்கும் பின் வந்தவர்களில் 1 விழுக்காட்டினருக்கும் இந்த இருமல் இருந்தது. தூசி கூடக் கூட நோயும் கூடியதை இந்த மூன்று எண்களே காட்டிவிடுகின்றன.

இத்துறை தன் ஊழியர்களின் நுரையீரல் திறனை விபத்துக்கு முன்பே அளந்து பதிவு செய்து வந்தது. இதனால் முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது. ஒரு வினாடியில் வேகமாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, புகைபிடிக்கும் பழக்கமே இல்லாத வீரர்களிடம் முதல் ஆண்டில் சராசரியாக 439 மில்லிலிட்டர் குறைந்தது. வயதின் காரணமாக ஓராண்டில் குறைவது ஏறத்தாழ 30 மில்லிலிட்டர்தான். அடுத்த ஆறு ஆண்டுகளிலும் இழந்த திறன் பெரும்பாலும் மீளவில்லை. 2023 செப்டம்பரில், அத்தூசி தொடர்பான நோய்களால் இறந்த துறையினரின் எண்ணிக்கையும் 343ஐ எட்டியது.

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2007இல் தீயணைப்புப் பணியைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில்தான் வைத்திருந்தது. 2022இல் அதை முதல் பிரிவுக்கு, அதாவது உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலுக்கு மாற்றியது. நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதெலியோமா, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆகிய இரண்டுக்கும் போதிய சான்று உள்ளது என்றது. முதல் வகைக்குக் கல்நார் முக்கியக் காரணி. பழைய கட்டடங்களின் கூரையிலும் குழாய் உறையிலும் அது இன்றும் இருக்கிறது.

புகைக்கரி உடையிலும் தலைக்கவசத்திலும் ஒட்டிக்கொண்டு நிலையத்துக்கும் வரும். தோல் வழியாகவும் நச்சு உடலில் சேரும். எனவே சாம்பலைக் கிளறி முடிக்கும்வரை கவசத்தைக் கழற்றாதிருப்பது, விபத்து இடத்திலேயே உடையை நீர் பீய்ச்சிக் கழுவுவது, அழுக்கு உடையை வண்டியின் இருக்கைப் பகுதியில் ஏற்றாமல் தனிப் பையில் கட்டிக் கொண்டுவருவது, திரும்பியவுடன் குளிப்பது ஆகியவை பல நாடுகளில் நடைமுறைக்கு வந்துள்ளன. கரி படிந்த தலைக்கவசத்தை அனுபவத்தின் அடையாளமாகப் பெருமையோடு வைத்திருந்த பழைய வழக்கம் இப்போது குறைந்து வருகிறது.