செம்மறிக் குட்டிகளைப் பீடிக்கும் குடற்புழுக்கள்

வானம் பார்த்த பூமி மிகுந்த புதுக்கோட்டை மாவட்டத்தில், விளைச்சல் பொய்த்த வருஷத்திலும் குடியானவர்களுக்குக் கைகொடுப்பது செம்மறியாடு. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் குட்டிகள் இளைத்து ஒவ்வொன்றாய் மாள்வதுண்டு. திருஷ்டி என்றும் குளிரென்றும் கூறி வாளாவிருத்தல் தகாது. பெரும்பாலும் இதற்குக் காரணம் வயிற்றுப் புழுக்களேயாம்.

இவற்றுட் கொடியது, நாலாம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு. இதன் பெண்புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகள் இடும். அவை புழுக்கையோடு வெளிப்பட்டு, ஈரமும் வெப்பமும் கூடிய காலத்தில் சுமார் ஒரு வாரத்தில் தொற்றும் பருவமடைந்து, பனியீரத்தில் புல்லின்மேல் ஏறி நிற்கும். அப்புல்லைத் தின்ற குட்டியின் வயிற்றில் ஏறக்குறைய 3 வாரத்தில் அவையும் முட்டையிடத் தொடங்கும். கண்ணிமையின் உட்புறம் வெளுத்தலும், தாடையின்கீழ் நீர்கோத்து வீங்குதலும் இதன் குறிகள்.

வளர்ப்பு முறைக்கேற்ப நோயும் வேறுபடும்.

1. தாயுடன் மேய்த்தல்: ஈன்று பாலூட்டும் தாயாட்டின் புழுக்கையில் முட்டைகள் மிகுதி. கண்மாய்க்கரை ஈரப்புல்லில் தாயோடு மேயும் குட்டிக்கே ஆபத்து அதிகம்.

2. கூடாப்பில் அடைத்தல்: புல்வழித் தொற்று குறையும். எனினும் ஒரே இடத்தில் நெருக்கி அடைத்துத் தரை ஈரமாயின், இரத்தக்கழிச்சல் உண்டாக்கும் நுண்கிருமி பெருகும். புழுமருந்து இதற்குப் பயன்படாது. வேறு மருந்து வேண்டும்.

3. பரண்மேல் வளர்த்தல்: புழுக்கை இடுக்கு வழியே கீழே விழுந்துவிடுவதால் தொற்று மிகக் குறைவு. ஆனால் ஆடு மேய்ந்த ஈரநிலத்துப் புல்லை அறுத்துப் போட்டால் புழுவும் உடன்வரும். பரண் அமைக்கச் செலவும் அதிகம்.

எம்முறையாயினும் செய்யத்தக்கவை: கூடாப்பை அடிக்கடி உலர்ந்த இடத்திற்கு மாற்றுக. பனி உலர்ந்தபின் மேய்ச்சலுக்கு விடுக. குட்டிகளைத் தாழ்ந்த ஈரநிலத்தில் மேய்க்காதீர். தீவனமும் தண்ணீரும் தரையிலன்றித் தொட்டியில் வைக்க.

மருந்தைக் குறித்து ஓர் எச்சரிக்கை. ஒரே மருந்தை மந்தை முழுவதற்கும் அடிக்கடி கொடுப்பதாலும், எடையறியாது குறைத்துக் கொடுப்பதாலும் புழுக்கள் அதற்கு அடங்காதனவாகின்றன. ஆகையால் முதலிற் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்திற் கொடுத்துப் பரிசோதித்து, மருத்துவர் குறித்த மருந்தை எடைக்குத் தக்கபடி கொடுத்தல் வேண்டும். சினையாட்டிற்குச் சில மருந்துகள் ஆகா. அதனை முன்னரே தெரிவிக்க.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஒவ்வொரு குட்டியின் இமையையும் புரட்டிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. வெளுப்பை அன்றே கண்டால் குட்டியைக் காக்கலாம். தாடை வீங்கியபின் காப்பது அரிது.