ஒரு மிடறு தேத்தண்ணிக்கு முன்

யூதர்களின் அன்றாட வாழ்வில் 'பெராக்கா' எனப்படும் சிறு துதிக்குப் பெரிய இடம் உண்டு. உண்ணும் முன்பும் உண்ட பின்பும், நறுமணம் முகரும்போதும், கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும், இடி முழக்கம் கேட்டாலும் வானவில் கண்டாலும் அதற்கென்று ஒரு துதி இருக்கிறது. மரணச் செய்தி வந்தாலும் உண்டு. உணவுக்கு முன் சொல்பவை எல்லாம் எபிரேய மொழியில் ஒரே மாதிரி தொடங்கும். இறைவனை நேருக்கு நேர் விளித்து அகிலத்தின் அரசனாகப் போற்றிவிட்டு, கையில் இருக்கும் பொருளுக்கு உரிய சொற்களோடு முடியும். சில விநாடிகள்தான் ஆகும். கேட்டவர் 'ஆமென்' என்பார். மலையகத் தேவாலயங்களில் ஒலிக்கும் அதே ஆமென்தான்.

மலையகத் தேயிலையின் தொடக்கக் கதையிலும் ஒரு யூதக் குடும்பம் இருக்கிறது. கண்டியிலிருந்து நுவரெலியா போகும் வழியில், புசல்லாவையில் உள்ள ரொத்சைல்ட் தோட்டத்தை உருவாக்கியவர்கள் மொரிஸ் டி வோர்ம்ஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் என்னும் சகோதரர்கள். ரொத்சைல்ட் வங்கிக் குடும்பம் அவர்களுக்குத் தாய்வழி உறவு. கோப்பிதான் அவர்களின் முதன்மைப் பயிர். ஆனாலும் 1841இல் மொரிஸ் சீனத்துத் தேயிலைச் செடிகளைக் கொண்டுவந்து நட்டார். இலங்கைத் தேயிலையின் முன்னோடி எனப்படும் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, 1867இல்.

துதி சொல்ல வாய் மட்டும் போதாது. கையில் இருப்பது எப்படி விளைந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாம்பழம், பலா, ஆனைக்கொய்யா ஆகியவற்றுக்கு 'மரத்தின் கனி' என்ற துதி. நுவரெலியாவின் கரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் 'மண்ணின் விளைவு'. வாழைப்பழமும் மண் வரிசையில்தான் சேர்கிறது. குலை தள்ளிய பின் தாய்மரம் மடிந்து பக்கக்கன்று எழுவதால், வாழையை மரமாகக் கணக்கெடுப்பதில்லை. வாழையடி வாழை என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இந்தக் காரணம் உடனே விளங்கும். பாணுக்குத் தனித் துதி. அதற்கு முன் கை கழுவ வேண்டும். சோற்றின் நிலை சற்று விசித்திரமானது: உண்ணும் முன் மாவுப் பண்டங்களுக்குரிய துதி, உண்ட பின் பொதுவான துதி.

தவறிச் சொன்னாலும் கணக்கு உண்டு. மாம்பழத்துக்கு மண்ணின் துதியைச் சொல்லிவிட்டால் செல்லும், மரமும் மண்ணில்தானே நிற்கிறது! கரட்டுக்கு மரத்தின் துதி செல்லாது.

தேயிலை மரவகைச் செடிதான். ஆனால் கோப்பையில் இருப்பது இலையின் சாரம் இறங்கிய தண்ணீர். ஆகவே தேத்தண்ணி, பச்சைத் தண்ணீர், பால், முட்டை, இறைச்சி எல்லாவற்றுக்கும் பொதுவான துதியே. குடித்து முடித்த பின்தான் சிக்கல் வருகிறது. பின்துதி சொல்ல, ஒரு குறிப்பிட்ட அளவை இடைவிடாமல் குடித்திருக்க வேண்டும். பரவலான கணக்கில் அது சுமார் 86 மில்லிலீற்றர். சுடச்சுட ஊதி ஊதிக் குடிப்பவருக்கு அது எப்படி முடியும்? அதனால் பலர் சூடான பானத்துக்குப் பின்துதி சொல்வதில்லை. சிலர் கடைசியில் அந்த அளவை மிச்சம் வைத்து, ஆறவிட்டு, ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொல்கிறார்கள்.

ஒரு நாளைக்கு 100 துதிகள் சொல்ல வேண்டும் என்பது யூதச் சட்ட நூலான தல்மூத்தில் உள்ள கருத்து. மூவேளைத் தொழுகையிலேயே 57 வந்துவிடும். சபாத் ஓய்வு நாளில் தொழுகை சுருங்குவதால் எண்ணிக்கை குறையும். அந்தக் குறையைப் பழங்களும் கறுவா, கராம்பு போன்ற வாசனைப் பொருட்களும் நிரப்புகின்றன. எண்ணிக்கைக்காகத் தேவையில்லாமல் சொல்வது மட்டும் குற்றம். இறைவன் பெயரை வீணாக்கியதாகும்.

ஓங்கி நிற்கும் மலைகளைக் கண்டாலும் துதி உண்டு, படைப்பைத் தொடக்கத்தில் செய்தவனைப் போற்றி. சிவனொளிபாதமலை போலத் தனித்து எழுந்து நிற்கும் மலைக்கே அது பொருந்தும். அதையும் 30 நாள் இடைவெளி விட்டுக் கண்டால்தான் சொல்லலாம். மஸ்கெலியாவில் தினமும் அந்த மலையைப் பார்த்துக் கண்விழிப்பவருக்கு அந்தத் துதி இல்லை. ஒரு மாதம் கொழும்பில் இருந்துவிட்டு ஏறி வருபவருக்கு உண்டு.