டிக்கெட் இல்லை.. ஸ்பான்சர் இல்லை..! மீனவர் குப்பத்தில் கச்சேரி நடந்தது எப்படி?

சென்னையில் மார்கழி பிறந்தால் போதும், மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை பக்கம் சபாக்கள் களை கட்டிவிடும். பாட்டு, பரதம், கேன்டீன் காபி என்று ஒரே கொண்டாட்டம்தான். ஆனால் சில கிலோ மீட்டர் தள்ளி கடலோரத்தில் வலை பின்னுகிறவர்களுக்கும் இந்த கச்சேரிகளுக்கும் சம்பந்தமே இருந்தது இல்லை.

இந்த இடைவெளியை குறைக்கத்தான் 2015-ம் ஆண்டு ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கப்பட்டது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமன் ஆகியோருடன் குப்பத்து மக்களும் கைகோர்த்தனர்.

எங்கே இருக்கிறது?

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையின் வடக்கு ஓரத்தில், அடையாறு முகத்துவாரம் பக்கமாக இருக்கிறது இந்த மீனவர் குப்பம். பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட்டின் பெயர்தான் ஊருக்கும் நிலைத்துவிட்டது. தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிப்பதற்காக 1894-ம் ஆண்டு இலவச பள்ளிக்கூடம் தொடங்கியவர் அவர்.

பக்கத்திலேயே பங்களாக்களும் அபார்ட்மெண்டுகளும் இருந்தாலும், அங்கே குடியிருப்பவர்களில் பலர் குப்பத்துக்குள் கால் வைத்ததே இல்லை.

ஒரே மேடை

விழாவுக்கு டிக்கெட் கிடையாது. கம்பெனி விளம்பரப் பணமும் வாங்கவில்லை. பலரும் கொடுத்த சிறு நன்கொடை, தன்னார்வலர்களின் உழைப்பு, இவைதான் முதலீடு.

கர்நாடக இசையும் பரதமும் நடந்த அதே விழாவில் பறையும் முழங்கியது. சாவுக்கு அடிக்கிற மேளம் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட பறைக்கு, சபா வித்வானுக்கு கிடைக்கும் அதே மரியாதை. விழாவின் முக்கியமான சேதியே இதுதான்.

"கஷ்டப்படுகிற ஜனங்களுக்கு கர்நாடக சங்கீதம் எதற்கு? இது மேல்தட்டு ஆட்களின் தர்மம்தானே?" என்ற விமர்சனமும் கிளம்பாமல் இல்லை. ஏழைகளுக்கு கலையை கொண்டுபோய் கொடுப்பது நோக்கம் அல்ல, சபாவை விட்டு வெளியே வராதவர்களை குப்பத்துக்கு வரவழைப்பதும்தான் நோக்கம் என்பது விழா நடத்தியவர்களின் பதில்.

மகசேசே விருது

கலையில் சாதி, வர்க்க வேலியை உடைக்க பாடுபட்டதற்காக கிருஷ்ணாவுக்கு 2016-ம் ஆண்டு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. பின்னர் 'சென்னை கலை தெரு விழா' என்று பெயர் மாறிய இந்த விழா, நகரின் மற்ற பகுதிகளுக்கும் போனது.

உங்க ஏரியாவில் நடத்தணுமா?

முதலில் ஊர் பெரியவர்கள், அக்கம்பக்கத்தினரின் சம்மதம் வேண்டும். ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வமான அனுமதி கட்டாயம். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு தடை உண்டு. அதனால் பொழுது சாயும்போதே தொடங்கிவிடுவது நல்லது.

பெரிய மண்டபமும் லட்சக்கணக்கில் பணமும் இருந்தால்தான் கலை விழா நடத்த முடியும் என்பது இல்லை. கொஞ்சம் இடமும், கூடி உழைக்க நாலு பேரும் இருந்தால் தெருவே மேடை ஆகிவிடும்.