ஒரே கம்பியில் செய்தியும் மின்சாரமும்

பள்ளிகளிலும் வெளியூர் அலுவலகங்களிலும் காமிராக்களும் கம்பியில்லா இணைப்புப் பெட்டிகளும் இப்பொழுது கூரையோரத்திலும் கம்பத்தின் உச்சியிலும் ஏறிவிட்டன. அங்கெல்லாம் மின் இணைப்பு இருப்பது அரிது. செய்தி செல்லும் ஈதர்நெட் கம்பியின் வழியாகவே மின்சாரத்தையும் அனுப்பும் முறை இக்குறையைத் தீர்க்கின்றது. 2003-ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் சங்கம் இதற்கு முதல் தரவிதியை வகுத்து, சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டும் 15.4 வாட் வரை தரலாம் என்றது. அவ்வளவு 2009-இல் 30 வாட்டாகவும், 2018-இல் 90 வாட்டாகவும் உயர்ந்தது.

விதிப்படி அமைந்த சுவிட்சு கண்மூடித்தனமாக மின்சாரத்தைச் செலுத்துவதில்லை. முதலில் ஏறத்தாழ 10 வோல்ட்டுக்கு மேற்படாத அழுத்தத்தைக் கொடுத்து, மறுமுனையில் சுமார் 25,000 ஓம் தடை உள்ளதா என்று சோதிக்கின்றது. இருந்தால் மட்டுமே 48 வோல்ட் அளவிலான முழு அழுத்தம் செல்லும். ஆதலின் சாதாரணக் கணிப்பொறியை அதில் இணைத்தாலும் தீங்கில்லை. இச்சோதனையின்றி மின்சாரம் தள்ளும் மலிவான பெட்டிகளும் கடைகளில் விற்கின்றன. அவற்றிடம் எச்சரிக்கை தேவை.

கம்பியில் ஏற்படும் இழப்பை ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். முதல் தரவிதியில் மின்னோட்டம் 0.35 ஆம்பியர், 100 மீட்டர் கம்பியின் சுற்றுத் தடை 20 ஓம் வரை எனக் கொள்ளப்பட்டது. 0.35-இன் வர்க்கத்தை 20-ஆல் பெருக்கினால் 2.45 வாட். அது வெப்பமாய்ப் போக, கருவிக்குக் கிட்டுவது 12.95 வாட். செம்பு பூசிய அலுமினியக் கம்பியில் தடை இன்னும் மிகும். விலை மலிவைக் கண்டு அதை வாங்குதல் தகாது.

களத்தில் அடிக்கடி திகைப்பூட்டும் கோளாறு ஒன்றுண்டு. பகலெல்லாம் நன்றாக இயங்கும் காமிரா இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும். காமிராவையே குறை கூறி மாற்றிவிடுவோர் பலர். புதியதும் அப்படியே நடக்கும்! காரணம் சுவிட்சின் மொத்த மின்வளம். எட்டுக் காமிராக்கள் பகலில் தலா 5 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால் 40 வாட் ஆகும். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கித் தலா 9 வாட் எடுத்தால் 72 ஆகும். சுவிட்சு 60 வாட் மட்டுமே தர வல்லதாயின், முன்னுரிமை குறைந்த போர்ட்டுகளை அது துண்டிக்கும். எனவே இரவுச் செலவைக் கொண்டே கணக்கிட்டு, வாயிலைக் காக்கும் காமிராவின் போர்ட்டுக்கு மேலான முன்னுரிமை அளித்தல் வேண்டும்.

அடுத்தது பிரிவினை. ஒரே சுவிட்சைப் பல வலைகளாகப் பகுக்கும் ஏற்பாடு வி-லான் எனப்படும். சட்டகத்தில் 4 பைட் அடையாளம் சேர்க்கப்படுகிறது. அதிலுள்ள 12 பிட்டுகளால் 4,094 வலைகளைக் குறிக்கலாம். கணிப்பொறிகள் 10-ஆம் வலையிலும் காமிராக்கள் 20-ஆம் வலையிலும் இருந்தால், வழிசெலுத்தி ஒன்றின் துணையின்றி அவை ஒன்றையொன்று அணுக இயலா. மூன்றாம் அடுக்குச் சுவிட்சு அப்பணியையும் தானே செய்யும். ஒவ்வொரு வலைக்கும் ஒரு முகவரி கொடுத்து, வழிசெலுத்தலை இயக்கி, அம்முகவரியையே கருவிகளில் நுழைவாயிலாகக் குறித்தால் போதும்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். வழிசெலுத்தல் தொடங்கியதும் பிரித்த வலைகள் மீண்டும் ஒன்றையொன்று தாராளமாக அணுகும். கணிப்பொறிக் கூடத்தில் அமரும் எவரும் குழந்தைகளின் காட்சிப் பதிவை எட்டிப்பார்க்க வழி ஏற்படும். பதிவுக் கருவியை அணுகத் தலைமையாசிரியரின் கணிப்பொறிக்கு மட்டும் அனுமதி தந்து, ஏனையவற்றை மறுக்கும் அணுகல் பட்டியலை அப்பொழுதே எழுதிவிட வேண்டும்.

தொலைவிலிருந்து அமைப்பவர், தாம் உள்ளே வந்த வலையையே இணைப்புப் போர்ட்டிலிருந்து நீக்கிவிட்டால் அக்கணமே வெளியே தள்ளப்படுவார். பிறகு பஸ் ஏறி நேரில் செல்ல வேண்டியதுதான். முடித்த அமைப்பைச் சேமிக்க மறப்பவரும் உளர். பல சுவிட்சுகளில் அவ்வேலை அடுத்த மின்தடை வரையில்தான் நிலைக்கும்.