உஷார்! உங்கள் டொமைன் எப்போது காலாவதியாகும் என்று யாரோ காத்திருக்கிறார்கள்

பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடை வைத்திருப்பவர்களே, கிள்ளான் தெங்கு கிளானா சாலை வியாபாரிகளே, கோயில் நிர்வாகத்தினரே! உங்களுக்கு டாட் காம் முகவரி இருந்தால் அதன் காலாவதித் தேதியை இன்றைக்கே பாருங்கள். நீங்கள் மறந்தாலும் அந்தத் தேதியை மறக்காத தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

தேதி கடந்த பிறகு, பெயரை விற்ற நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை புதுப்பிக்கலாம். சில நிறுவனங்கள் அதற்குள்ளேயே பெயரை ஏலத்தில் விட்டுவிடும். அடுத்த 30 நாள் மீட்புக் காலம். கட்டணம் பல மடங்கு. கடைசி 5 நாள் யாராலும் எதுவும் செய்ய முடியாது. அது முடிந்து பெயர் விடுபட்டதும் டிராப்கேட்ச், ஸ்னாப்நேம்ஸ் போன்ற சேவைகளின் கணினிகள் கண் இமைக்கும் நேரத்தில் பதிந்துவிடும். நல்ல பெயரென்றால் மனிதக் கை அங்கே போட்டியிடவே முடியாது. (டாட் எம்ஒய் முகவரிகளை மைநிக் நிர்வகிக்கிறது. அதன் விதிகள் வேறு; விற்றவரிடம் கேளுங்கள்.)

தளம் போனால் போகட்டும், வேறு பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. போவது தளம் மட்டுமல்ல, மின்னஞ்சலும்தான். பெயரைப் பிடித்தவர் உங்கள் பழைய முகவரியை அப்படியே உருவாக்கி, ஃபேஸ்புக்கில் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் போதும், மீட்புக் கடிதம் அவருக்குத்தான் வரும். சரக்கு அனுப்புபவரின் பில்லும் அவருக்கே. கோயில் தளத்தின் பழைய பக்கங்களை இணையக் காப்பகமான வேபேக் மெஷினில் எடுத்து அதே தோற்றத்தில் தளம் அமைத்து, நன்கொடைக்கான வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றினால், தைப்பூச நேரத்தில் பக்தர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பெரியவர்களே தவறியிருக்கிறார்கள். 1999 கிறிஸ்துமஸ் நேரத்தில் மைக்ரோசாப்ட் ஒரு முகவரிக்கு 35 டாலர் கட்டத் தவற, ஹாட்மெயில் பயனர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். அன்று பணம் கட்டிக் காப்பாற்றியவர் ஒரு நல்ல மனிதர். 2024-இல் வாட்ச்டவர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், டாட் மொபி முகவரிகளை நிர்வகிக்கும் பதிவகம் கைவிட்ட பழைய முகவரியை 20 டாலருக்கு வாங்கினார்கள். சில நாட்களில் 1,35,000-க்கும் மேற்பட்ட கணினிகள் அதை நம்பித் தொடர்புகொண்டன.

நம்மிடையே இன்னொரு ஓட்டை உண்டு. தளம் அமைத்துக் கொடுத்த தம்பியின் மின்னஞ்சலில்தான் பதிவு இருக்கும். அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார். காலாவதிக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது, இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி. அது யாருக்குப் போகிறது என்று பாருங்கள். தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கவே கூடாது. பெயர் முடங்கினால் அந்தப் பெட்டியும் முடங்கும். தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி, வங்கி அட்டை மாறினால் அங்கேயும் மாற்றுங்கள். டாட் காம் பெயரை 10 ஆண்டு வரை முன்கூட்டியே புதுப்பிக்கலாம். தேதியை ஐகேனின் தேடல் பக்கத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

கடையை மூடினாலும் பெயரை உடனே விடாதீர்கள். முதலில் எல்லாக் கணக்குகளிலிருந்தும் அந்த மின்னஞ்சலை நீக்குங்கள்.

பறிபோன பிறகு வழக்காடுவது எளிதல்ல. உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் முறையிட 1,500 அமெரிக்க டாலர் கட்டணம். வணிகச் சின்ன உரிமையையும் எதிராளியின் கெட்ட நோக்கத்தையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். யாராவது போலிக் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கியையும் மோசடிப் புகாருக்கான 997 எண்ணையும் அழைக்கச் சொல்லுங்கள்.