பிற்கால உரோமப் பேரரசரின் சிலைப்பீடக் கல்வெட்டுகள்

உரோமை நகரின் பெருமன்றத்தில் சிலைகள் பல மறைந்தன. பீடங்கள் சில எஞ்சின. அரசர் உருவம் அழிய, அதனை எடுப்பித்தாரின் சொல் நிலைத்தது. அச்சொல்லைப் படிக்கும் முறை யாதென்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்விலத்தீன் கல்வெட்டுகள் பெரும்பாலும் ஒரே தொடராய் அமைவன. பேரரசர் பெயர் நான்காம் வேற்றுமை ஏற்று வரும். சிலை எடுத்த அதிகாரியோ நகரோ எழுவாயாகும். பயனிலை பலவிடத்துத் தொக்கு நிற்கும். எனவே, புகழப்படுவார் அரசரேனும், தொடருக்குத் தலைமை எடுப்பித்தாருக்கே உரியது. 'நம் தலைவர்க்கு' என்று தொடங்கி, 'அவர்தம் தெய்வத் தன்மைக்கும் மாட்சிமைக்கும் ஆட்பட்டவன்' என்று முடிப்பது மரபு. மூன்றாம் நூற்றாண்டில் பெருகிய இம்முடிபு, பின்னர் முதலெழுத்துகளை மட்டும் பொறித்தாலே விளங்குமளவிற்குத் தேய்ந்தது. கிறித்தவரான அரசர்க்கும் அத்தெய்வத் தன்மை மறுக்கப்படவில்லை என்பது வியப்பே.

ஆதலின், மரபுத் தொடர்களை விடுத்து, இடம்நோக்கி எழுதிய சொற்களையே ஊன்றிக் காணல் வேண்டும். கி. பி. 350இல் மாக்னெந்தியுஸ் என்பான் மேற்கில் தன்னைப் பேரரசனாக்கிக்கொண்டான். உரோமையும் அவன் ஆணைக்கு உட்பட்டது. 352இல் இரண்டாம் கான்ஸ்தாந்தியுஸ் இத்தாலியை மீட்டார். அவ்வாண்டே நகரத்தலைவராக அமர்ந்த நெராத்தியுஸ் கெரெயாலிஸ் அவருக்குச் சிலை எடுத்தார். 'உரோமை நகரையும் உலகையும் மீட்டவர்' என்கிறது பீடம். நகரைக் குறிக்கும் 'ஊர்பிஸ்', உலகைக் குறிக்கும் 'ஓர்பிஸ்' எனும் இரண்டும் முதலெழுத்தளவில் வேறுபட்டு ஓசை நயம் பயக்கின்றன. அடுத்து வருவதே கருதத்தக்கது: 'கொள்ளைநோய் போன்ற கொடுங்கோன்மையை ஒழித்தவர்.' பகைவன் பெயர் சுட்டப்படவில்லை. அவனுக்கு அண்மைவரை பணிந்திருந்த நகரம், அவன் ஆட்சியை நோயென்று கூறுகிறது. நோயுற்றவனை உடந்தை என்பார் இலரன்றோ! இதனை வெறும் முகமன் என்று தள்ளுதல் பொருந்தாது. கான்ஸ்தாந்தியுஸ் உரோமைக்கு வந்தது 357இலேதான்.

ஹொனோரியுஸ் காலத்துப் பீடமொன்று இதனினும் நுட்பமானது. பழைய குதிரைச்சிலைப் பீடத்தையே நெட்டுக்குத்தாக நிறுத்தி, கோத்தியப் போர் முடிந்தபின் அதிற் பொறித்தனர். வெற்றி, பேரரசரின் நற்பேற்றாலும் படைத்தலைவர் ஸ்திலிக்கோவின் சூழ்ச்சியாலும் ஆண்மையாலும் வாய்த்ததாம்! அரசர்க்கு நற்பேறு, அறிவும் ஆண்மையும் பிறர்க்கு. 408இல் ஸ்திலிக்கோ கொல்லப்பட்டபின் அவர் பெயர் செதுக்கி நீக்கப்பட்டது. நீக்கியோர் சூழ்ச்சி, ஆண்மை என்னும் சொற்களை விட்டுவைத்தனர்.

இம்மன்றத்தில் இறுதியாக எழுந்த நினைவுச்சின்னம், 608இல் ஸ்மராக்துஸ் என்னும் இத்தாலிய ஆளுநர் போக்காஸுக்குப் பழைய தூணொன்றின்மேல் நிறுவிய பொன்முலாம் பூசிய சிலை. அவ்வரசரின் 'நிலைத்த புகழுக்காக' என்பது கல்வெட்டு. 610இல் அவர் கொல்லப்பட்டார். பெயரும் கல்லினின்று அகற்றப்பட்டது. எடுத்தவன் பெயரும் நாளும் எஞ்சியமையின், அரசர் இன்னாரென்பது துணியப்படுகிறது.