கம்பியில்லாத கடைசிச் சில கஜங்கள்

1902-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே பிரயாணம் செய்து கோலார் தங்கவயலை வந்தடைந்தது. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக விளங்கிய சேஷாத்திரி ஐயரின் முயற்சியால் உருவான திட்டம் அது. சுரங்க யந்திரங்களை இயக்குவதற்கென வந்த அம்மின்சாரம் நாளடைவில் வீடுகளுக்கும் வீதிகளுக்கும் ஒளி தந்தது. வீட்டில் ஒரு விளக்கு எரியாவிடில், சிவசமுத்திரத்தில் பழுது நேர்ந்துவிட்டதென்று எவரும் முதலில் எண்ணுவதில்லை. பல்பைக் கழற்றிப் பார்ப்பர். பின்பு ஃபியூஸைப் பார்ப்பர். அண்டை வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பர். அதன் பின்னரே மின்வாரியத்துக்கு ஆள் போகும்.

கம்பியில்லா வலையில் இணைந்த கணினி வேலை செய்யாதபோது மட்டும் இந்த இயல்பான ஒழுங்கு மறக்கப்பட்டுவிடுகிறது. ராபர்ட்சன்பேட்டையிலோ மாரிக்குப்பத்திலோ உள்ள ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாணவர் உதவித்தொகைக்கான விண்ணப்பங்களைப் பள்ளி சரிபார்த்து இணையத்தின் வாயிலாக அனுப்புவதற்கு அன்றே கடைசி நாள். அனுப்பத் தவறினால் அவ்வாண்டுக்கு அம்மாணவரின் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். மாலை நான்கு மணி. மடிக்கணினியின் திரையில் அலைக்குறி முழுமையாகத் தெரிகிறது; ஆயினும் ஒரு பக்கமும் திறக்கவில்லை. அலுவலகத்தில் உள்ளோர் கணினியை அணைத்து ஏற்றுகின்றனர், ரவுட்டரை அணைத்து ஏற்றுகின்றனர், மீண்டும் கணினியை. ஒரு மணி நேரம் கழிகிறது. பழுது எங்கே என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்கவில்லை.

வைஃபை என்று வழங்கும் இவ்வலையைப் பற்றி முதலில் உணரவேண்டியது, அதில் கம்பியில்லாத பகுதி மிகவும் சிறிது என்பதே. கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள சில கஜ தூரத்தில்தான் வானலை வேலை செய்கிறது. ரவுட்டருக்கு அப்பால் கண்ணாடி இழையோ செம்புக் கம்பியோ உண்டு. அதன் வழியாகவே செய்தி பெங்களூருக்கும் அதற்கப்பாலும் செல்கின்றது. ஆகவே பழுதும் இரு வகைப்படும்: ஒன்று, அச்சில கஜங்களில் நேர்வது, மற்றொன்று, அதற்கப்பால் நேர்வது. திரையில் தெரியும் அலைக்குறி முதல் வகையைப் பற்றி மட்டுமே பேசும். ரவுட்டரின் அலை கணினியை எட்டுகிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. கணினியின் மெல்லிய பதில் ரவுட்டரை எட்டுகிறதா என்பதைக்கூட அது உறுதியாகச் சொல்லாது.

அலைகள் எதை ஊடுருவும், எதை ஊடுருவா என்பதை அறிய, தங்கவயலைக் காட்டிலும் சிறந்த பாடசாலை கிடைப்பது அரிது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அதனுள் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-ஆம் ஆண்டு டாட்டா ஆதார ஆராய்ச்சிக் கழகத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய பல்கலைக்கழகத்தாரும் கூடி நடத்திய சோதனையில், காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் தோற்றுவிக்கும் நியூட்ரினோக்களின் அடையாளம் கண்டறியப்பட்டது. அவ்வாண்டிலேயே தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் நடந்த சோதனையும் அதே முடிவைத் தந்தது. மற்றக் கதிர்களை எல்லாம் பாறை தடுத்து வடிகட்டிவிட, நியூட்ரினோ ஒன்றே தடையின்றி உள்ளே வந்தது. பாறை தடுத்துவிடும் பொருள்களில் வானலையும் ஒன்று. ஈரமுள்ள பாறையானால் தடை இன்னும் கடுமையாகும். அதனாலேயே ஆழ்சுரங்கங்களில் வானொலிக் கருவியைப் பயன்படுத்த விரும்புவோர், அலை கசிந்து வெளியேறுமாறு இடையிடையே திறப்புள்ள ஒருவகைக் கேபிளைச் சுரங்கப் பாதை நெடுகிலும் பதிக்கின்றனர். அங்கும் கம்பியே துணை.

2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. நிலத்தின் மேலுள்ள கட்டடங்களில் அதே பௌதிக விதி இன்றும் சிறிய அளவில் நடைபெறுகிறது. கனத்த கல்சுவர் உள்ள பழைய பங்களாவில் ஒரு சுவரைக் கடந்ததுமே அலை மிகவும் நலிந்துவிடும். அலையின் வலிமையை டெசிபெல் கணக்கில் அளப்பர். கணினியிலோ கைபேசியிலோ மைனஸ் 50 என்று காட்டினால் நன்று. மைனஸ் 67 வரை கவலையில்லை. மைனஸ் 80 என்றால் இணைப்பு நிலைக்காது. ஐம்பதுக்கும் எண்பதுக்கும் வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். உண்மையில் அது ஆயிரம் மடங்கு வேறுபாடாகும்.

தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் நிலைமை வேறு. அங்கே சுவர் மெல்லியது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. பல வீடுகளுக்குத் தகரக் கூரை. தகரம் வானலையைக் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். எனவே ஒரே செய்தி நேராகவும், கூரையில் மோதியும், மூலையில் மோதியும் சிறிது முன்பின்னாகப் பலமுறை வந்து சேரும்; எதிரொலி மிகுந்த மண்டபத்தில் பேச்சு குழம்புவது போல் குழம்பும். இக்குழப்பத்தைத் தீர்த்த வரலாறு சுவையானது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தைச் சேர்ந்த வானொலி வானியலாளர் ஜான் ஓ'சல்லிவன், ஆவியாகி மறையும் சிறு கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய வானொலித் துடிப்புகளைத் தேடிவந்தார். அவை அகப்படவில்லை. ஆனால் சிதறி மங்கிய துடிப்பை மீட்பதற்கு அவர் கையாண்ட கணித முறை, பின்னர் அறைக்குள் எதிரொலிக்கும் அலைகளைத் தெளிவாக்கவும் உதவிற்று. 1996-இல் அந்நிறுவனத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தகரக் கூரையின் கீழ் அமர்ந்து பாடம் பார்க்கும் மாணவன் அந்தத் தோல்வியுற்ற தேடலுக்குக் கடமைப்பட்டவன்.

எதிரொலி தீர்ந்தாலும் கூட்டநெரிசல் தீர்வதில்லை. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 ஜனவரி முதல் உரிமம் இன்றி எவரும் பயன்படுத்தத்தக்கதாயிற்று. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விரிவான அனுமதி 2018 அக்டோபரில் வந்தது. முந்தையதன் அலைநீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அது சுவர்களை ஓரளவு கடந்து தூரம் செல்லும். பிந்தையது வேகம் மிக்கது, ஆயினும் சுவரிடம் எளிதில் தோற்றுவிடும். 2.4-இல் சானல்கள் பல எண்ணால் குறிக்கப்பட்டிருப்பினும், ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்றே. வரிசை வீடுகளில் பத்து ரவுட்டர்கள் இம்மூன்றையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் வேகம் குன்றுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும். அண்மையில் உள்ள கணினிகளை 5-க்கு மாற்றுவது சிறந்த பரிகாரம். பழைய கணினிகள் சில 2.4 ஒன்றையே அறியும். அவற்றின் பட்டியலில் 5-இல் இயங்கும் வலையின் பெயர் தோன்றவே தோன்றாது. அதைப் பழுதென்று கருதிக் கணினியைக் கடைக்கு எடுத்துச்செல்வது வீண் செலவு.

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதில் அலுவலகங்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு. களவுபோகும் என்ற அச்சத்தால் அதனை இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். பீரோவுக்குள் இருக்கும் ரவுட்டர் குடத்துள் இட்ட விளக்கு. அதனினும் மோசம் என்றே சொல்லலாம், ஏனெனில் அதன் பச்சை விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும். சுவரின் உயரத்தில், மரப்பலகையின்மேல், இரும்புக்கு விலகி வைப்பதே முறை. பூட்டு அவசியமானால் மரப்பெட்டி போதும்.

இரு கட்டடங்களுக்கிடையே வானலைப் பாலம் அமைக்கும் களப் பணியாளர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு கிலோமீட்டர் தூரப் பாலத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் நடுவழியில் நேர்க்கோட்டைச் சுற்றிலும் சுமார் ஐந்தரை மீட்டர் வெளி வேண்டும். அதில் பெரும்பகுதியாவது தடையின்றி இருத்தல் அவசியம். தங்கவயலின் சயனைடு மண்மேடுகளுள் ஒன்றின் உச்சியை உரசிக்கொண்டு செல்லும் பாலம் வெளியில் நின்று பார்ப்பவருக்கு நன்றாகத் தோன்றும்; செய்தியோ பாதி வழியில் உதிர்ந்துவிடும்.

இனி, நான்கு மணிக்கு நாம் விட்டுவந்த அலுவலகத்துக்குத் திரும்பலாம். செய்யவேண்டிய முதல் காரியம், ஒரு கைபேசியை அதே வைஃபையில் இணைத்துப் பார்ப்பது. அப்போது கைபேசியின் சொந்த இணையத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் அது தன் சொந்த வழியில் பக்கத்தைத் திறந்து நம்மை ஏமாற்றும். கைபேசியில் பக்கம் திறந்தால் பழுது கணினியில். திறக்காவிடில் ரவுட்டரிலோ அதற்கப்பாலோ. அடுத்து, கணினியை ஒரு கேபிளால் ரவுட்டரோடு நேரே பிணைக்கவேண்டும். கேபிளில் வேலை செய்து வைஃபையில் செய்யாவிடில் குற்றம் அந்தச் சில கஜங்களில் உள்ளது. இவ்விரு சோதனைகளுக்கும் ஐந்து நிமிஷம் போதும்.

குற்றம் கணினியில் என்று தெரிந்தால், விமானப் பயண நிலை என்ற பொத்தான் தவறி அழுத்தப்பட்டுள்ளதா என்று பார்ப்பது நலம். ரவுட்டரின் கடவுச்சொல்லை எவரேனும் மாற்றியிருந்தால், கணினி பழைய சொல்லையே சலியாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அமைப்புப் பக்கத்தில் அவ்வலையை மறக்கச் செய்து, புதிதாக இணைத்துச் சொல்லைத் தட்டெழுதவேண்டும். பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு உண்டு.

பின்பு முகவரி. வலையில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ரவுட்டர் ஓர் எண்முகவரி வழங்குகிறது. அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். வலை விவரப் பக்கத்தில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், கணினி கேட்டும் ரவுட்டர் கொடுக்கவில்லை, கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். வழங்கத்தக்க முகவரிகள் தீர்ந்துபோனாலும் இவ்வாறு நேரும். இத்தருணத்தில்தான் ரவுட்டரை அணைத்து ஏற்றுவதற்கு நியாயம் உண்டு; ஏற்றியபின் இரண்டு நிமிஷம் பொறுக்கவும் வேண்டும்.

முகவரி சரியாயின், 'பிங்' என்னும் கட்டளை துணைசெய்யும். சுரங்கக் கூண்டில் ஆள் ஏறுமுன் கீழிருந்து மணியடித்து மேலிருந்து மறுமணி கேட்பது வழக்கம். பிங் அத்தகையதே. முதலில் ரவுட்டரின் முகவரிக்கு மணியடிக்கவேண்டும். பதில் வந்தால் வானலைப் பகுதியில் குற்றமில்லை. அடுத்து வெளியுலகில் 8.8.8.8 என்ற எண்ணுக்கு அடிக்கவேண்டும். அதற்கும் பதில் வந்து, பெயரைச் சொன்னால் மட்டும் பக்கம் திறக்காவிடில், பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவையே பழுது. வலை அமைப்பில் அச்சேவைக்கு வேறு எண்ணைக் குறித்தால் தீரும்.

எல்லாம் சரியாயிருந்தும் சர்க்கார் தளங்களும் வங்கித் தளங்களும் 'பாதுகாப்பானதன்று' என மறுக்குமாயின், கணினியின் கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். பழைய கணினிகளில் நாணயம் போன்ற சிறிய பாட்டரி ஒன்று தேதியைக் காத்துவருகிறது. அது தீர்ந்தால், மின்சாரம் நின்று வந்ததும் கணினி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒரு தேதியில் அது நின்றுகொண்டு, அச்சான்றிதழை நம்ப மறுக்கும். தேதியைத் திருத்தினால் பக்கம் உடனே திறக்கும். பாட்டரியின் விலையோ அற்பம். உதவித்தொகையின் கடைசி நாளில் அலுவலகங்களை அலைக்கழிக்கும் பழுதுகளுள் இது மிக எளியது. ஆயினும் கடைசியாகவே கண்ணில் படுகிறது.

ரவுட்டருக்கு வந்த மணி வெளியே செல்லவில்லையெனில், கண்ணாடி இழைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்து, சேவை தருவோருக்கு முறையிடவேண்டும். வெறுமனே 'நெட் வரவில்லை' என்று சொல்வதால் பயனில்லை. பழுது தொடங்கிய நேரம், எரியும் விளக்குகளின் நிறம், கேபிளிலும் கைபேசியிலும் செய்த சோதனையின் முடிவு, எந்த எண் வரை மணிக்குப் பதில் வந்தது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிவைத்துச் சொன்னால், வருகின்ற பணியாளர் நேரே கம்பத்துக்குப் போவார். அத்தாளை ரவுட்டரின் அருகிலேயே ஒட்டிவைப்பது அடுத்த முறைக்கும் உதவும்.